கற்கச் சென்ற தூதர்கள்



நம் முத்துக்குளித்துறையில் நற்செய்தி அறிவித்த புனித பிரான்சிஸ் சவேரியார், சீனாவுக்குள் நுழைய ஏங்கி, அதன் கரையோரத் தீவு ஒன்றில் 1552 டிசம்பர் 3 அன்று உயிர்நீத்தார். அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் மச்செராத்தா நகரில் பிறந்த குழந்தை, பின்னாளில் அந்த வாசலைக் கடந்தது. அவர்தான் இயேசு சபை அருள்தந்தை மத்தேயோ ரிச்சி.

வாசல் எப்படித் திறந்தது? கீழை நாடுகளின் பணிக்குப் பொறுப்பாயிருந்த அருள்தந்தை வலிஞ்ஞானோ, "சீனாவுக்குச் செல்வோர் முதலில் சீன மொழியைக் கற்க வேண்டும்" என்பதில் உறுதியாக இருந்தார். 1582-இல் மக்காவ் வந்த ரிச்சி, மாணவராக அமர்ந்தார். மறு ஆண்டு அருள்தந்தை ருஜ்ஜியேரியுடன் சீனாவுக்குள் குடியேறியபோது, இருவரும் புத்தத் துறவியரின் உடையை அணிந்தார்கள். ஆனால் அந்நாட்டில் பெருமதிப்புப் பெற்றோர் கற்றறிந்தோரே என்பதை ரிச்சி காலப்போக்கில் கண்டுகொண்டார். 1595-இல் அவர்களுடைய உடைக்கு மாறினார். கன்பூசியசின் நூல்களை ஆழ்ந்து கற்றார். அதே ஆண்டு சீன மொழியில் ஒரு நூல் எழுதினார். அது நட்பைப் பற்றியது!

1601-இல் பெய்ஜிங்கில் தங்க இடம் கிடைத்தது. திருமுழுக்குப் பெற்ற அறிஞர் பவுல் சூ குவாங்சியோடு அமர்ந்து, யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆறு பகுதிகளை மொழிபெயர்த்து 1607-இல் வெளியிட்டார். 1610-இல் ரிச்சி இறந்தபோது, அவரை அடக்கம் செய்யப் பேரரசரே நிலம் வழங்கினார். அந்நியராய் வந்தவர் அந்த மண்ணிலேயே துயில்கிறார்.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. சீனர் தம் மூதாதையர் முன் தலைவணங்கி, தூபமிடுவது வழக்கம். அது பெற்றோருக்குப் பிள்ளைகள் செலுத்தும் மரியாதை என்றார் ரிச்சி. பின்னர் வந்த பிற சபைத் துறவியர் பலர், எளிய மக்களிடையே அது வழிபாடாகிவிடுமோ என்று அஞ்சினர். அந்த அச்சம் வீணானதும் அல்ல. நீண்ட விவாதத்திற்குப் பின், உரோமை 1704-லும் 1715-லும் அச்சடங்குகளைத் தடை செய்தது. 1692-இல் கிறிஸ்தவ மறைக்கு அனுமதி தந்த பேரரசர் காங்சி, 1721-இல் அதன் போதனைக்குத் தடை விதித்தார். திருத்தந்தை 14-ஆம் ஆசீர்வாதப்பர் 1742-இல் உரோமையின் தடையை உறுதிசெய்தார். 12-ஆம் பத்திநாதர் காலத்தில், 1939-இல்தான் அது தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட தலைமுறைகளில், பெற்றோரைப் போற்றுவதா, திருஅவையில் நிலைப்பதா என்று தவித்த குடும்பங்களை எண்ணிப் பாருங்கள்!

ரிச்சி பெய்ஜிங்கில் வாழ்ந்த நாள்களிலேயே, 1606-இல், மதுரைக்கு வந்தார் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி. அவரும் முதலில் கற்றார், பிறகே கற்பித்தார். திருத்தூதர் பவுலும் ஏதென்சு நகரைச் சுற்றிப் பார்த்த பிறகன்றோ அரயோப்பாகு மன்றத்தில் பேசினார்!

வேற்று நாட்டுக்கும் வேற்று மாநிலத்துக்கும் மறைப்பணிப் பயணம் செல்லும் இளையோரே, அம்மக்களின் மொழியில் பத்துச் சொற்களையாவது கற்றுச் செல்லுங்கள். அவர்கள் வீட்டில் எதைப் புனிதமாகக் கருதுகிறார்கள் என்று கேளுங்கள். விளங்காத வழக்கத்தைக் கண்டால், தீர்ப்பிடுமுன் அதன் பொருளை வினவுங்கள். நாம் போய்ச் சேருமுன்பே கடவுள் அங்கே இருக்கிறார்.

இறைவன் நம் அனைவருக்கும் கற்கும் உள்ளத்தைத் தருவாராக. ஆமென்.