ஒற்றைக் கை ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரிக்கெட் ஆடுகிற நாற்பது வயதுக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் கோஷ்டியும் அத்தகையதுதான். தொப்பை விழுந்தவர்கள், மூட்டு வலிக்காரர்கள், ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நேரே மைதானத்துக்கு வருகிறவர்கள், எல்லாரும் அதில் இருக்கிறார்கள். போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், ஓடத் தேவையில்லாத இரண்டாவது ரன்னுக்கு ஓடி நான் கீழே விழுந்தேன். ரன் உண்டா இல்லையா என்பதில் இன்றுவரை தகராறு. இடது மணிக்கட்டு முறிந்ததில் மட்டும் இரண்டு அபிப்பிராயம் இல்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார். "அதற்குப் பிறகு ஆடலாமா, டாக்டர்?" என்று கேட்டேன். "அதை அப்புறம் பார்க்கலாம்" என்றார். வைத்தியர்கள் 'அப்புறம்' என்று சொன்னால் அதற்குள் நல்ல செய்தி இருப்பது அபூர்வம்.

அடுத்த ஞாயிறு பழக்க தோஷத்தால் மைதானத்துக்குப் போனேன். வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு, ஸ்கோர் நோட்டை மடியில் வைத்தார்கள். எல்லாரும் அன்பாக விசாரித்தார்கள். பத்து ஓவர் முடிவதற்குள் என்னை மறந்தும் போனார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விழுந்தவர்களை நானும் அப்படித்தான் மறந்திருக்கிறேன். ஆனாலும் இருபது வருஷத்துச் சிநேகம் ஒரு நாற்காலி அளவுக்குச் சுருங்குவதற்கு ஒரு வாரம் போதும் என்று தெரிந்தபோது, வலி மணிக்கட்டில் மட்டும் இருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாடி வீட்டுப் பையன் வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவனும் சிநேகிதர்களுமாக நாலு நாலு பேராகக் கட்சி பிரித்து, சனிக்கிழமை மாலைகளில் கிண்டிக்கு அப்பால் ஒரு வணிக வளாகத்தில் பௌலிங் ஆடுகிறார்கள். 'லீக்' என்று பெயர். பரிசு என்று ஒன்றுமில்லை. தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்குப் பரோட்டா வாங்கித் தர வேண்டும்.

"எங்கள் கட்சியில் ஒரு ஆள் குறைகிறது, ஸார். இதற்கு ஒரு கை போதும்" என்றான்.

"இருக்கிற கையும் நன்றாயிருக்கிறதே என்று கவலையா?" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி. டாக்டரைக் கேட்டேன். லேசான பந்தாக எடுத்துக்கொள், வழுக்கி விழாதே என்று இரண்டு நிபந்தனைகளோடு விட்டுவிட்டார்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். தினமும் கேட்கிற பெயர். கேட்டு நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் க்ஷயரோகிகளுக்காக இங்கே ஆரம்பித்த ஆரோக்கிய நிலையம்தான் ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்தது. அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பக்கத்தில் இதே போன்ற ஒரு நிலையம் நடத்தினார். 1917-ல் கணித மேதை ராமானுஜன் அங்கே நோயாளியாக இருந்தார். க்ஷயத்துக்கு மருந்தே இல்லாத காலம். காற்று, வெளிச்சம், ஆகாரம், ஓய்வு, இவைதாம் சிகிச்சை. ஆனால் வெறும் ஓய்வு போதாது என்றும் சிலர் அப்போதே கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தில் ஃபிரிம்லி என்ற இடத்தில் மார்க்கஸ் பேட்டர்ஸன் என்ற டாக்டர், 1905-லிருந்து தேறி வரும் நோயாளிகளை முதலில் நடக்க விட்டார், பிறகு சின்னக் கூடையில் மண் சுமக்கச் சொன்னார், பிறகு பெரிய கூடை, கடைசியில் மண்வெட்டி. எவ்வளவு முடியுமோ அவ்வளவு, அதற்கு மேல் ஒரு கூடை கூட இல்லை. கட்டுப் போட்ட கையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சின்னக் கூடையின் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

வளாகத்தின் மூன்றாவது மாடியில், நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும் ஒரு கூடம். காது அடைக்கும் சங்கீதம். செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அடியில் வழுக்குகிற பூட்ஸ் ஒன்றை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். (டாக்டரின் இரண்டாவது நிபந்தனை வாசலிலேயே போயிற்று.) எதிரே எண்ணெய் பூசிய மரத் தடம். நிற்கும் கோட்டிலிருந்து 60 அடி தூரத்தில் பத்துக் கட்டைகள் முக்கோணமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம். பந்தில் மூன்று ஓட்டை. கட்டை விரலையும் இரண்டு விரல்களையும் அதில் விட்டுப் பிடிக்க வேண்டும். 16 பவுண்டு வரை எடையுள்ள பந்து இருக்கலாம். நான் எட்டுப் பவுண்டுப் பந்தை எடுத்தேன். அதை ஒரு குழந்தையும் எடுத்துக்கொண்டிருந்தது.

என் முதல் பந்து பாதி தூரம் கௌரவமாகப் போய், பிறகு மனம் மாறி ஓரத்துக் கால்வாயில் இறங்கிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது முறை ஏழு கட்டைகள் விழுந்தன. பின்னாலிருந்து நாலு பேர் கூச்சல் போட்டு, என் நல்ல கையில் ஓங்கி அறைந்தார்கள். ஏழு கட்டைகளுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று திரும்பிப் பார்த்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரும் வரை அந்த ஏழு கட்டைகளும் கண் முன்னால் விழுந்துகொண்டே இருந்தன.

இது நேற்றைய நாகரிக விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். விசாரித்தால் ஐயாயிரம் வருஷத்துச் சமாசாரம். எகிப்தில் நகாடா என்ற இடத்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியபோது, ஒரு குழந்தையின் சமாதியில் சின்னக் கல் கட்டைகளும் உருட்டுவதற்கான கல் குண்டுகளும் கிடைத்தன. புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம் இங்கிலாந்தில் மிகப் பழமையானது. அங்கே எட்டாம் ஹென்றி 1541-ல் ஒரு சட்டம் போட்டார். ஜனங்கள் வில்வித்தையை மறந்து பந்து உருட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். தொழிலாளிகளும் வேலைக்காரர்களும் கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் ஆடலாம். அதுவும் எஜமானர் வீட்டில், அவர் கண் முன்னால். பணக்காரர்கள் தங்கள் தோட்டத்தில் ஆடிக்கொள்ள வழி இருந்தது. ராஜாக்கள் போடும் சட்டங்களில் இந்த ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். அந்தச் சட்டத்தின் பிடி 1845 வரை நீடித்தது.

அமெரிக்காவுக்குப் போன பிறகு கட்டைகள் பத்தாயின. 1895-ல் நியூயார்க்கில் அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் ஏற்பட்டு விதிகளை ஒழுங்குபடுத்தியது. விழுந்த கட்டைகளை நிறுத்தி வைக்க அப்போது இயந்திரம் கிடையாது. தடத்தின் கோடியில் சிறுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பந்து வரும்போது காலைத் தூக்கிக்கொண்டு, அது போனதும் குதித்துக் கட்டைகளை அடுக்குவார்கள். நள்ளிரவு வரை வேலை செய்த அந்தப் பையன்களை லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களில் இன்றும் பார்க்கலாம். 1946-க்குப் பிறகுதான் இயந்திரம் வந்து அவர்களை விடுவித்தது. கட்டைகளைத் துடைத்து வாரிக்கொண்டு இறங்கும் அந்த இரும்புக் கையை இப்போது பார்க்கும்போதெல்லாம், அதற்குப் பின்னால் ஒரு பையனின் முழங்கால் தெரிகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

இரண்டாவது சனிக்கிழமை எங்கள் கட்சி ஜெயித்தது. என் கணக்கு 90. எதிர்க் கட்சியில் ஒருவன் 170. பின் எப்படி ஜெயித்தோம்? 'ஹாண்டிகாப்' என்று ஒரு ஏற்பாடு. 200 என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டு, ஒருவருடைய சராசரி அதற்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு 90 பங்கை அவர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். என் சராசரி 90 என்றால் எனக்கு 99 கட்டைகள் இனாம். இது தர்மப் பணம் போல இருக்கிறதே என்று எனக்குக் கூச்சம். "தர்மம் இல்லை, ஸார். நீங்கள் உங்களோடு ஆடுகிறீர்கள், நான் என்னோடு ஆடுகிறேன். அவ்வளவுதான்" என்றான் மாடி வீட்டுப் பையன். இந்தச் சொல்லின் பூர்வீகம் வேடிக்கையானது. 'தொப்பிக்குள் கை' என்பதுதான் அது. பண்டம் மாற்றிக்கொள்ளும் இருவர் பணயத்தைத் தொப்பியில் போட்டுக் கையை விட, மத்தியஸ்தர் ஒருவர் இரண்டு பண்டங்களின் மதிப்பைச் சமன் செய்வாராம். அங்கிருந்து குதிரைப் பந்தயத்துக்கு வந்து, பிறகு ஊனத்துக்கே பெயராகிப் போன சொல் அது. சமன் செய்வதற்கு ஏற்பட்ட வார்த்தை குறையைக் குறிக்கும் வார்த்தையாக மாறியது யாருடைய சாமர்த்தியமோ!

கிரிக்கெட்டை விட்டு இங்கே வந்தவன் நான் ஒருவன்தானா என்று தேடியபோது, எனக்கு முன்னால் ஒரு பெரிய தாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். டபிள்யூ. ஜி. கிரேஸ்தான். 1898 ஜூலை 18, அவருக்கு ஐம்பது வயது பூர்த்தி. அதைக் கொண்டாட லார்ட்ஸ் மைதானத்தில் ஜென்டில்மென் கட்சிக்கும் பிளேயர்ஸ் கட்சிக்கும் ஆட்டம். கிரேஸுக்குக் கால் நொண்டியது, கையிலும் அடி. அப்படியும் முதல் இன்னிங்ஸில் 43, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 31. மறு வருஷம் நாட்டிங்ஹாமில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடியது அவருடைய கடைசி டெஸ்ட். சரீரம் பெருத்துவிட்டது, குனிந்து பந்தை எடுக்க முடியவில்லை. பூமி தன்னை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

அத்தோடு மரத்தடி நாற்காலிக்குப் போகிற மனிதரா அவர்? புல்தரைப் பந்துருட்டலைப் பிடித்துக்கொண்டார். 1903-ல் இங்கிலீஷ் பௌலிங் அஸோஸியேஷன் உருவாக முன்னின்றார். அதற்கு முதல் தலைவரும் அவரே. 1908 வரை அந்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்குக் காப்டனாகவும் இருந்தார். கிரிக்கெட்டில் உலகத்தையே மிரட்டியவர், ஒரு வெள்ளைக் குண்டுக்குப் பக்கத்தில் தன் பந்து ஓர் அங்குலம் நெருங்கி நிற்க வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அதைத் தாழ்வு என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. ஒரு மாவுக்கட்டுக்கே தாழ்வாக நினைத்தவன் நான்.

கிரேஸ் கிழவர், வேறு வழியில்லை என்று யாராவது சொல்லலாம். அவர்களுக்கு நம் நாட்டுப் பெண்கள் நாலு பேரைச் சொல்கிறேன். 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் லான் பௌல்ஸ் ஆட்டத்தில் இந்தியா முதல் தடவையாகப் பதக்கம் வாங்கியது, அதுவும் தங்கம். ஆகஸ்ட் 2-ந் தேதி தென்னாப்பிரிக்காவை 17-10 என்ற கணக்கில் வென்ற லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்க்கி ஆகிய நால்வரில் ஒருவர்கூட இந்த ஆட்டத்துக்கென்று பிறந்தவரல்ல. நயன்மோனி அஸ்ஸாமில் பளு தூக்கியவர். காயம் பட்டு அதை விட வேண்டி வந்தது. ராஞ்சியைச் சேர்ந்த லவ்லி தடகள வீராங்கனை. அவரையும் காயம்தான் ஓடுதளத்திலிருந்து இறக்கியது. பிங்கி கிரிக்கெட் ஆடியவர், டில்லியில் உடற்பயிற்சி ஆசிரியை. ரூபா ராணி கபடிக்காரி. ஒருத்தி ஜார்க்கண்ட் போலீஸ், ஒருத்தி அஸ்ஸாம் வனத்துறைக் காவலர். நம் ஜனங்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஓர் ஆட்டம் இருப்பதே அன்று காலைப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவர்கள் பதினாலு பதினைந்து வருஷமாகப் புல்லில் பந்தை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள், யாரும் பார்க்காமலே.

பளு தூக்குகிற பெண்ணின் கை, கனத்தை அறிந்த கை. அதை ஒன்றரைக் கிலோப் பந்துக்குப் பழக்கி, வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு பொறுமையான காரியமாக இருந்திருக்கும்! என் எட்டுப் பவுண்டுப் பந்தே எனக்கு அதைச் சொல்லிற்று. வேகமாக வீசினால் கால்வாய். மெதுவாக, தோளிலிருந்து ஊஞ்சல் மாதிரி விட்டால் நேராகப் போகிறது. இருபது வருஷமாக மட்டையை ஓங்கி வீசியவனுக்கு இதைக் கற்க மூன்று சனிக்கிழமைகள் ஆயின. நாலாவது சனிக்கிழமை, பத்துக் கட்டைகளும் ஒரே பந்தில் விழுந்தன. அன்று என் கணக்கு 121. எனக்கு இனாம் குறைந்துவிடும் என்று கட்சியில் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

பத்துக் கட்டைப் பந்தயத்தில் நம் சென்னைக்கும் பெயருண்டு. ஷபீர் தன்கோட் இந்த ஊர்க்காரர். பல முறை தேசியச் சாம்பியன். அவர் பந்து விடும் படத்தை மாடி வீட்டுப் பையன் தன் போனில் காட்டினான். பந்து கால்வாயின் விளிம்பு வரை போய், விழப் போகிறது என்று நாம் நினைக்கும்போது வளைந்து நடுவுக்கு வருகிறது. பத்துத் தடவை பார்த்தேன். அந்த வளைவு எனக்கு வராது என்று தெரியும். ஆனாலும் மறுநாள் பாத்ரூமில் கையை அப்படித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். கை இளைத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் முன் போல முழுக்கத் திரும்பவில்லை. அடுத்த வருஷம் மட்டை பிடிக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் மறுபடியும் "அப்புறம்" என்றார். இந்தத் தடவை எனக்கு அது அவ்வளவு கடூரமாகக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை கிரிக்கெட் காப்டன் வீட்டுக்கு வந்தார். "கட்டுப் பிரித்தாயிற்றாமே, ஸார். நாளைக்கு மைதானத்துக்கு வந்துவிடுங்கள். ஆட வேண்டாம், அம்பயராக நின்றால் போதும்" என்றார். நல்ல மனிதர், நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிடவே வந்திருந்தார்.

"வரத்தான் ஆசை. ஆனால் இன்றைக்கு எங்களுக்கு லீக்கில் கடைசி ஆட்டம். முடிந்து, பரோட்டா சாப்பிட்டு, ரயிலைப் பிடித்துத் தாம்பரம் வந்து சேரப் பதினொன்றாகிவிடும். காலையில் எழுந்திருக்க முடிகிறதா பார்க்கிறேன்" என்றேன்.