எக்ஸ்11, வேலண்ட்: சாளரம் முரண்டு பிடிக்கும்போது

"சார், ஃபைல் திறந்துதான் இருக்கு. கீழே பட்டையில பேரு தெரியுது. கிளிக் பண்ணினா ஒண்ணும் வரமாட்டேங்குது." ஆசிரியை ஒருவர் பதற்றத்தோடு போனில் அழைத்தார். மதியம் வகுப்பில் ப்ரொஜெக்டரை மாட்டி, மதிப்பெண் பட்டியலை அந்தத் திரைக்கு இழுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். வகுப்பு முடிந்ததும் ஒயரைக் கழற்றிவிட்டார். பட்டியலை மூடித் திறந்தபோது, அந்த நிரல் தன் பழைய இடத்தை மறக்காமல், இல்லாத திரையில் போய் நின்றுகொண்டது.

அவருடையது லினக்ஸ் மடிக்கணினி. சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 அதில் ஓடியது. நான் முன்பே அதில் போட்டுக் கொடுத்திருந்த டபிள்யூஎம்கண்ட்ரோல் என்ற சிறு கருவியை டெர்மினலில் தட்டச் சொன்னேன். இந்தப் பெயருள்ள சாளரத்தை மேல் இடது மூலைக்குக் கொண்டுவா, அகலம் 800, உயரம் 600 என்று ஒரே வரிக் கட்டளை. பட்டியல் கண்முன் வந்து நின்றது.

அதே மடிக்கணினியில் எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்ட் ஓடியிருந்தால் அந்தக் கட்டளை பலித்திருக்காது. அந்தத் தொல்லையே வந்திருக்கவும் செய்யாது. இரண்டு முறைகளையும் வருடக்கணக்கில் பிரித்து மேய்ந்தவன் என்ற முறையில், மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

எக்ஸ் 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவானது. அதன் 11ஆம் பதிப்பு 1987இல் வந்து அப்படியே நிலைத்துவிட்டது. அதைத் தாழ்ப்பாள் இல்லாத வீடு என்று சொல்லலாம். திரையைக் கையில் வைத்திருப்பது எக்ஸ் சர்வர். தலைப்புப் பட்டை போட்டு, இடம் ஒதுக்குவது சாளர மேலாளர் என்ற வேறொரு நிரல். எந்த நிரலும் எந்தச் சாளரத்தையும் தொடலாம், நகர்த்தலாம், விசாரிக்கலாம். எக்ஸ்பிராப் கருவியை ஓட்டி ஒரு சாளரத்தின்மேல் கிளிக் செய்தால் அது தன் பெயர், புராசஸ் எண், எந்தச் சாளரத்தின் பிள்ளை, எவ்வளவுக்குக் கீழே சுருங்க மறுக்கிறது என எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

இந்தக் கடைசித் தகவல் உதவிய இடம் உண்டு. 768 புள்ளி உயரமே உள்ள திரையில் ஓர் அமைப்புப் பெட்டியின் 'சரி' பொத்தான் அடியில் மறைந்து கிடந்தது. எவ்வளவு இழுத்தும் பெட்டி சுருங்கவில்லை. எக்ஸ்பிராப் காட்டிய குறைந்தபட்ச உயரம் திரையைவிடப் பெரிது. பிறகென்ன, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பெட்டியின் நடுவில் பிடித்து மேலே தள்ளினேன், பொத்தான் தெரிந்தது. க்னோம் டெஸ்க்டாப்பில் ஆல்ட்டுக்குப் பதில் சூப்பர் விசை. இந்த ஒரு வைத்தியம் வேலண்டிலும் அப்படியே செல்லும்.

உறைந்துபோன சாளரத்துக்கு எக்ஸ்கில் இருக்கிறது. ஓட்டியதும் பல கணினிகளில் சுட்டி மண்டையோடாக மாறும். இடது பொத்தானால் எதைத் தொடுகிறோமோ அதன் இணைப்பு அறும். மனம் மாறினால் வேறு பொத்தானை அழுத்தி விலகிக்கொள்ளலாம். சாளர மேலாளரே செத்துப்போனாலும் தலைப்புப் பட்டைகள்தான் மறையும், உள்ளே தட்டிக்கொண்டிருந்த கட்டுரை பிழைத்திருக்கும். மேலாளரை மறுபடி ஓட்டினால் போதும்.

ஆனால் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் திருடனுக்கும் தடை இல்லை. எக்ஸில் ஓடும் ஒரு நிரல், பக்கத்துச் சாளரத்தில் நாம் தட்டும் கடவுச்சொல்லை ஒட்டுக்கேட்க முடியும். இன்னொரு கொடுமையும் உண்டு: ஒரு நிரல் மெனுவைத் திறக்கும்போது மவுஸையும் விசைப்பலகையையும் தன்வசம் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து அது உறைந்தால் மொத்த டெஸ்க்டாப்பும் உறைந்தது போலாகிவிடும். குற்றவாளி ஒரே ஒரு மெனுதான் என்று தெரியாமல் பவர் பொத்தானை அழுத்தி வேலையைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர்.

வேலண்ட், கிறிஸ்டியன் ஹொக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கியது. இதில் சர்வர், மேலாளர் என்ற பிரிவு கிடையாது. கம்பாசிட்டர் என்ற ஒரே நிரல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. சாளரம் திரையில் எங்கே நிற்கிறது என்பதை அது நிரலுக்குச் சொல்வதே இல்லை. இடம் தெரியாத நிரல், இல்லாத திரைக்கு எப்படிப் போகும்? திரை கழன்றால் சாளரங்களைக் கம்பாசிட்டரே அழைத்து வந்துவிடும். பக்கத்து வீட்டு விசைத்தட்டல் காதில் விழாது. மெனு தன்னிச்சையாக டெஸ்க்டாப்பைப் பிடித்துவைக்க முடியாது.

இழந்தது என்ன? பழுது பார்ப்பவனின் கருவிப் பை. எக்ஸ்பிராப், எக்ஸ்கில் எதுவும் வேலண்ட் சாளரத்தைக் காணாது. ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் அதனதன் கருவி: ஸ்வேயில் ஒரு கட்டளை, க்னோமில் லுக்கிங் கிளாஸ், கேடிஈயில் வேறொன்று என்று ஊருக்கொரு சாவி. எனக்கு உண்மையாகவே வலிக்கும் இழப்பு வேறு. எக்ஸ்11 க்னோமில் ஆல்ட்டும் எஃப்2வும் அழுத்தி 'ஆர்' என்று தட்டினால் சாளர மேலாளர் வேலையும் பார்க்கும் க்னோம் ஷெல் மட்டும் புதிதாக எழும். வேலண்டில் அந்த வழி அடைபட்டது. க்னோம் ஷெல் விழுந்தால் திறந்திருந்த எல்லாமே சேர்ந்து விழும். கேடிஈ பிளாஸ்மா 6இல் மட்டும், க்யூட்டி 6 என்ற நிரலாக்க நூலகத்தைக் கொண்டு எழுதிய நிரல்கள் கம்பாசிட்டர் விழுந்து எழும்வரை காத்திருந்து ஒட்டிக்கொள்ளக் கற்றிருக்கின்றன. எல்லா டெஸ்க்டாப்புகளும் இதைக் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலண்டுக்குள்ளும் பழைய நிரல்கள் எக்ஸ்வேலண்ட் என்ற பாலத்தின் வழியே ஓடுகின்றன. எது எந்த வகை என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க இறங்கக்கூடாது. எக்ஸ்ஐஸ் என்ற பழைய நிரலை ஓட்டினால் இரண்டு கண்கள் தோன்றும். சந்தேகச் சாளரத்தின்மேல் சுட்டியை நகர்த்துங்கள். கண்கள் உருண்டால் அது பாலத்து நிரல், எக்ஸ்கில் பலிக்கும். அசையாமல் வெறித்தால் வேலண்ட் நிரல்.

என் ஓட்டு வேலண்டுக்குத்தான். வந்த நோயை நன்றாகத் தீர்ப்பதைவிட, பாதி நோய்களை வராமலே தடுப்பது மேல். எப்படியும் காலம் முடிவெடுத்துவிட்டது: 2025இல் வந்த உபுண்டு 25.10இல் க்னோமுக்கு எக்ஸ்11 அமர்வே கிடையாது.

இரண்டிலும் பொதுவான ஒரு வழி மிச்சமிருக்கிறது. திரை உறைந்தால் பவர் பொத்தானுக்குப் போகுமுன் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும். உள்நுழைந்து, முரண்டு பிடிக்கும் நிரலை மட்டும் நிறுத்தலாம். திரும்பி வர, அதே கண்ட்ரோல், ஆல்ட்டோடு அழுத்த வேண்டிய விசை சில கணினிகளில் எஃப்1, சிலவற்றில் எஃப்2. உங்களுடையதில் எது என்று, எதுவும் கெடாத இன்றைக்கே ஒருமுறை அழுத்திப் பார்த்துக் குறித்து வையுங்கள்.