பேக்சே இராச்சியத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கொரியாத் தீபகற்பத்தின் தென்மேற்கிலே புயோ என்றொரு சிறு நகர் உண்டு. அங்கே, அழிந்துபோன பௌத்த விகாரையொன்றின் முற்றத்தில், ஐந்து தட்டுக்களையுடைய கற்கோபுரம் ஒன்று இன்றும் நிற்கின்றது. அதன் முதற் தட்டிலே சீன எழுத்துக்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை புத்தரின் போதனைகள் என எண்ணிவிட வேண்டா. கி. பி. 660 இல் அந்நாட்டை வென்ற சீனத் தளபதி சூ திங்பாங், தன் வெற்றிப் புகழைத் தோற்றவரின் கோயிலிலேயே வெட்டுவித்தான். தோற்ற அரசின் பெயர் பேக்சே. அதன் கதையை நாம் பெரிதும் பகைவர் வாய்மொழியாகவே கேட்க வேண்டியிருக்கின்றது.

இன்று எஞ்சியுள்ள கொரிய வரலாற்று நூல்களுள் மிகப் பழையது 1145 இல் கிம் பூசிக் என்பவர் தொகுத்தது. அவர் சில்லா அரச மரபில் வந்தவர். சில்லாவோ சீனருடன் கூடிப் பேக்சேயை வீழ்த்திய அரசு. ஆகவே அந்நூலை எச்சரிக்கையோடு படித்தல் வேண்டும். படியாது விடவும் இயலாது.

அந்நூலின்படி பேக்சே கி. மு. 18 இல், ஹன் ஆற்றங்கரையில், இன்றைய சியோல் நகரை அண்டி நிறுவப்பட்டது. நெல் விளையும் சமவெளிகளும், சீனத்துக்கு வழிவிடும் மேற்குக் கடலும் அதற்கு வலிமை தந்தன. 371 இல் குன்சோகோ மன்னன் வடக்கேயிருந்த கோகுர்யோ அரசின்மீது படையெடுத்தான். பியொங்யாங் நகர்ப் போரிலே கோகுர்யோ மன்னன் மாண்டான். 384 இல் பௌத்தம் அரசவையை எய்தியது.

நூறாண்டு கழித்துக் கோகுர்யோ பழி தீர்த்தது. அதன் மன்னன் சாங்சு, தோரிம் என்னும் துறவியை ஒற்றனாக அனுப்பினானாம். கறுப்பும் வெள்ளையுமான காய்களை வைத்து ஆடும் பலகையாட்டத்தில் அத்துறவி வல்லவன். பேக்சே மன்னன் கேரோவுக்கோ அவ்வாட்டத்திலே தீராத வேட்கை. ஆட்டத் தோழனான துறவி, மாளிகைகளும் மதில்களும் எழுப்புமாறு மன்னனைத் தூண்டினான். திறைசேரி வறண்டது; குடிகள் நலிந்தனர். துறவி வடக்கே ஓடினான். 475 இல் 30,000 வீரர் வந்தனர், தலைநகர் வீழ்ந்தது, கேரோ கொல்லப்பட்டான். கதை சுவையானதே. எனினும், கோகுர்யோ அந்நாளில் கொரியாவின் மிகப் பெரிய படைபலம் என்பதை நினைந்தால், பலகையாட்டத்தின்மேற் பழிபோட வேண்டிய தேவையில்லை.

தெற்கே ஒதுங்கிய பேக்சே, 538 இல் சாபியை, அதாவது இன்றைய புயோவை, தலைநகராக்கியது. நிலம் சுருங்கிய அக்காலத்திலேதான் அதன் கலை மலர்ந்தது. யப்பானுக்குப் பௌத்தத்தை அனுப்பியவர் பேக்சே மன்னரே. 588 இல் துறவிகளோடு கோயிற் தச்சரும் ஓடு செய்வோரும் அங்கே சென்றனர். ஹன் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சில்லாவோடு சேர்ந்து மீட்டபோது, 553 இல் சில்லாவே அதனைக் கவர்ந்துகொண்டது. மறு ஆண்டு அதனோடு பொருத சோங் மன்னன் உயிரிழந்தான்.

இறுதி மன்னன் உயிசா. 642 இல் சில்லாவின் 40 கோட்டைகளுக்கு மேற் பிடித்தான். அவ்வெற்றியே வினையாயிற்று. அப்போரிலே மகளை இழந்த சில்லா இளவரசன் கிம் சுன்சு, 648 இல் சீனத் தாங் அரசவைக்குச் சென்று துணை கேட்டான். 660 இல் கடல்வழி 130,000 சீனரும், கிழக்கே 50,000 சில்லா வீரரும் வந்தனர். தளபதி கேபேக் 5,000 பேருடன் எதிர்நின்று மாண்டான். உயிசா 12,000 க்கு மேற்பட்ட குடிமக்களோடு சீனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கேயே இறந்தான். 663 இல் உதவிக்கு வந்த யப்பானியக் கப்பல்களுள் 400 எரிந்தன.

இளமையிற் பெற்றோரைப் பேணியதற்காகப் புகழப்பட்ட உயிசா, பின்னர்க் களியாட்டத்தில் மூழ்கினான் என்பர். அவனுடைய 3,000 மகளிர் பாறையிலிருந்து ஆற்றிற் குதித்தனர் என்ற கதையும் வழங்குகின்றது. அத்தொகை கிம் பூசிக்கின் நூலில் இல்லை. பிற்காலக் கவிஞர் கூட்டியது.

பேக்சேயின் சொந்தக் குரல் 1971 இல் மண்ணிலிருந்து கேட்டது. கொங்சு நகரில், பழைய கல்லறைகளுக்கு வடிகால் வெட்டியவர்கள், கள்வர் கைபடாத கல்லறையொன்றைக் கண்டனர். அங்கிருந்த கல், முரியோங் மன்னன் 523 இல் தம் 62 ஆம் வயதில் இறந்தார் என்றது. கிம் பூசிக் தந்த ஆண்டும் அதுவே; வயதை மட்டும் அவர் கூறவில்லை. மன்னரின் பேழை யப்பானில் வளரும் ஊசியிலை மரத்தாற் செய்யப்பட்டிருந்தது. மற்றொரு கல்லிலே, கல்லறைக்கான நிலத்தை மண்ணின் தெய்வங்களிடம் விலைக்கு வாங்கியதாக எழுதி, விலையாக ஒரு கோவை இரும்பு நாணயங்களையும் அதன்மேல் வைத்திருந்தனர்.