கார்ல் லாக்மனும் புதிய ஏற்பாட்டின் மூலபாடமும்

திருமறையின் கிரேக்க மூலபாடத்தை ஆராய்ந்தோர் அனைவரும் இறையியலாரல்லர். அவர்களுள் தலைசிறந்த ஒருவராகிய கார்ல் லாக்மன், கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களில் புலமை பெற்ற பேராசிரியர். இவர் 1793ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். லைப்சிக், கெட்டிங்கன் பல்கலைக்கழகங்களில் பயின்று, 1816இல் உரோமப் புலவர் புரொபெர்ட்டியுஸின் பாடல்களைப் பதிப்பித்தார். கோனிக்ஸ்பர்க்கில் கற்பித்தபின், 1825 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

அக்காலத்தில் சபைகள் கையாண்ட கிரேக்கப் பாடத்திற்கு அடிப்படை, 1516இல் எராஸ்முஸ் விரைந்து அச்சேற்றிய பதிப்பாகும். அவருக்குக் கிடைத்தவை பிற்காலத்துப் பிரதிகள் சிலவே. வெளிப்படுத்தின விசேஷத்திற்கென அவரிடமிருந்த ஒரே பிரதியில் இறுதி ஏடு இல்லை. ஆகவே, கடைசி வசனங்களை இலத்தீனிலிருந்து கிரேக்கத்தில் பெயர்த்துச் சேர்த்தார். பழைய கிரேக்கப் பிரதிகள் 22:19இல் 'ஜீவவிருட்சம்' என்றிருக்க, 'ஜீவபுஸ்தகம்' என்பது அச்சுப் பாடத்தில் புகுந்தது இவ்விதமே. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அச்சொல்லே காணப்படுகிறது.

இப்பாடத்தின் குறைகளை அறிந்தோர் அதனை ஆங்காங்கே திருத்தினர். லாக்மனோ 1831இல் அதனை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, பழம்பெரும் பிரதிகளை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு தமது பதிப்பை வெளியிட்டார். அப்போஸ்தலர் எழுதியதையே மீட்டுவிட்டதாக அவர் உரிமை பாராட்டவில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சபையில் வழங்கிய பாடத்தைத் தருவதே அவருடைய நோக்கம். நற்சான்று பெற்ற வாசகம் பிழையெனத் தோன்றினும், அதையே அச்சிட்டார். அவர் பயன்படுத்திய சான்றுகள் மிகச் சிலவே என்ற குறைகூறல் நியாயமானதே. வத்திக்கான் பிரதியைக் குறித்து அவர் பெற்றிருந்த விவரங்கள் நிறைவானவையல்ல. சீனாய்ப் பிரதியின் பெரும்பகுதி வெளிப்பட்டது 1859இல்தான்.

1835இல் ஒத்தமை நற்செய்திகளின் நிகழ்ச்சி வரிசையைக் குறித்து அவர் எழுதிய கட்டுரை, மாற்குவே முந்தியது என்னும் கொள்கைக்குப் பின்னர் துணையாயிற்று. 1850இல் வெளிவந்த லுக்ரேத்தியுஸ் பதிப்பில், எஞ்சிய பிரதிகளெல்லாம் தொலைந்துபோன ஒரே மூலப்பிரதியின் வழிவந்தவை என்று காட்டினார். அம்மூலப்பிரதியில் பக்கத்திற்கு 26 வரிகள் இருந்தன என்றும் கணித்தார். அவர் பெயரால் வழங்கும் இம்முறைக்கு பெங்கல் போன்ற முன்னோடிகள் இருந்தனர் என்பதை, 1963இல் இத்தாலிய அறிஞர் திம்பனாரோ விளக்கினார். லாக்மன் 1851 மார்ச் 13இல் மறைந்தார்.

தெய்வங்களுக்கு அஞ்ச வேண்டுவதில்லை எனப் பாடிய லுக்ரேத்தியுஸின் நூலுக்கும் திருமறைக்கும் ஒரே அளவுகோலா என நாம் தயங்கலாம். ஆனால், பிரதி எடுத்தோரின் கைத்தவறு இரண்டிற்கும் பொதுவானது. பழகிய சொல் என்பதற்காக அதைக் காத்தல் வேறு. எழுதப்பட்ட சொல்லுக்கு உண்மையாயிருத்தல் வேறு. சான்று நிற்கும் இடத்தில் தாமும் நின்ற லாக்மனின் அடக்கம், பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கும் வேண்டிய பண்பன்றோ?