பதிவு மூப்பு: தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பகம் கடந்துவந்த பாதை

இணையப் பதிவு வராத காலத்தில், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வாசலில் விடியும் முன்பே வரிசை நின்றுவிடும். அசல் சான்றிதழ், நகல், சாதிச் சான்று, குடும்ப அட்டை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கும். திரும்பும்போது கையில் ஒரு சிறிய அட்டை. அதில் பதிவு எண்ணும் பதிந்த நாளும் இருக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் மூப்பு போய்விடும். "எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சாச்சா?" என்று கேட்காத உறவினர் இல்லை.

ஒருவர் எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்பதையே அந்த அட்டை ஒரு தகுதியாக்கியது. காத்திருப்பு தகுதியானது எப்படி, அந்தத் தகுதி மதிப்பிழந்தது எப்படி, அதன் இடத்துக்கு அரசு எதைக் கொண்டுவந்தது என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

வேலைவாய்ப்பகம் படித்த இளைஞருக்காகத் தொடங்கப்பட்டதல்ல. கட்டணமில்லாப் பொது வேலைவாய்ப்பகங்களை நாடுகள் நிறுவ வேண்டும் என்ற 1919ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கையைப் பிரிட்டிஷ் இந்திய அரசு 1921இல் ஏற்றது. 1938இல் அதிலிருந்து விலகிக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்தான் அரசின் மனத்தை மாற்றியது. படையிலிருந்து விடுவிக்கப்படும் வீரர்களையும் போர்த் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களையும் வேறு வேலைகளில் அமர்த்த 1945 ஜூலையில் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்பு இயக்ககம் உருவானது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகளும் அதே அலுவலகங்களுக்கு வந்தார்கள். 1948இல்தான் வேலை தேடும் அனைவருக்கும் கதவு திறந்தது. பி. சிவராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளிடம் வந்தது. மொழிவழி மாநிலங்கள் பிறந்த நாளும் அதுவே.

அடுத்து வந்த சட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வேலைவாய்ப்பகங்கள் (காலியிடங்களைக் கட்டாயமாக அறிவித்தல்) சட்டம் 1959இல் நிறைவேறி, 1960 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. தெரிவிக்காவிட்டால் முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம், மறுமுறை 1,000 ரூபாய் வரை. ஆனால் அங்கே பதிந்தவர்களில் ஒருவரைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அப்படிக் கட்டாயம் இல்லை என்று நான்காம் பிரிவே தெளிவாகச் சொன்னது. பிற்கால நிகழ்வுகள் பலவற்றுக்கும் இந்த ஒரு பிரிவே வித்து என்பது என் கணிப்பு. தனியார் முதலாளிக்கு வேலைவாய்ப்பகம் ஒரு தகவல் பலகை மட்டுமே. அதற்கு உண்மையான செல்வாக்கு இருந்த இடம் அரசு வேலை ஒன்றுதான். அந்தச் செல்வாக்கும் நிர்வாக ஆணைகளால் வந்ததே தவிர, சட்டத்தால் வந்ததல்ல.

அந்த எல்லைக்குள் இந்த ஏற்பாடு செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அலுவலக உதவியாளர், ஓட்டுநர், இடைநிலை ஆசிரியர் போன்ற பணிகளுக்குத் துறை கேட்டதும், நடப்பிலுள்ள பதிவுகளைக் கொண்ட உயிர்ப்பதிவேட்டிலிருந்து பதிவு மூப்புப்படி ஒரு பட்டியல் போகும். ஆதரவற்ற விதவைகள், கலப்புத் திருமணம் செய்தோர், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டில், தபால்காரர் கொண்டுவரும் நேர்முகக் கடிதம் ஒரு தலைமுறையின் நிலையையே மாற்றியது. வரிசையில் முன்னால் நின்றவருக்கு முதலில் என்ற கணக்கு எளிய மக்களுக்குப் புரிந்தது. அதனால் அதை நம்பினார்கள். அந்த நம்பிக்கையால்தான் பதிந்தவர் எண்ணிக்கை பல லட்சங்களாகப் பெருகியது. ஆனால் வரிசை நீண்ட வேகத்தில் வேலை பெருகவில்லை. முப்பது வயதைத் தாண்டியும் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். புதுப்பிக்கத் தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவித்ததிலிருந்தே அந்த அட்டை எவ்வளவு உயிரானது என்று அறியலாம்.

மூப்பின் வீழ்ச்சி நீதிமன்றத்தில் தொடங்கியது. 1987இல் ஹர்கோபால் வழக்கில், 1959ஆம் ஆண்டுச் சட்டம் எந்த முதலாளியையும் வேலைவாய்ப்பகம் வழியாகவே ஆள் எடுக்கக் கட்டாயப்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. அரசுத்துறைகள் தங்கள் ஆணைப்படி அவ்வாறு எடுப்பதை மட்டும் ஏற்றது. 1996இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் மேலும் ஓர் அடி போனது. வேலைவாய்ப்பகப் பட்டியலோடு நிற்காமல் நாளிதழ், வானொலி போன்றவற்றிலும் அறிவித்து, விண்ணப்பிக்கும் அனைவரையும் கருத வேண்டும் என்றது. கட்டாயக் கல்விச் சட்டத்துக்குப் பின் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் 2012இல் அந்தத் தேர்வு முதன்முறையாக நடந்தபோது, மூப்பை மட்டும் நம்பியிருந்த ஆசிரியப் பட்டயதாரிகளின் பல்லாண்டுக் காத்திருப்பு கணக்கிலிருந்து விழுந்தது. சமவாய்ப்பு என்ற அளவில் தீர்ப்புகள் சரியானவையே. ஆயினும் அரசே வகுத்த விதியை நம்பி வயதைக் கொடுத்தவர்களுக்கு ஈடு ஏதும் செய்யப்படவில்லை. அது அநீதி.

வேலையற்ற இளைஞருக்குத் தமிழ்நாடு அரசு தரும் உதவித்தொகையும் காத்திருப்பு என்ற அதே கருத்தின் மேல்தான் நிற்கிறது. பதிந்து ஐந்தாண்டு நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. மாதம் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்விக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். பொதுப் பிரிவில் மூன்றாண்டுகள் வரை. பட்டதாரி ஒருவர் மொத்தம் பெறுவது 21,600 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் காலமும் கூடுதல். படிப்பு முடிந்த உடனே, கைப்பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஒரு ரூபாயும் இல்லை. வேலை தேடப் பேருந்து ஏறுவதற்கான உதவியாக இது அமையவில்லை. ஐந்தாண்டு வேலை கிடைக்காமல் இருந்ததற்கான ஆறுதலாகவே அமைந்துவிட்டது.

பயிற்சி இன்னொரு தடத்தில் வந்தது. கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் 1950 முதல் ஐ.டி.ஐ.கள் தொடங்கப்பட்டன, 1961இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பும் பயிற்சியும் ஒரே துறையின் பெயரில் இருந்தும், பிட்டர், டர்னர் படித்தவரின் மதிப்பு சமூகத்தின் கண்ணில் பட்டதாரிக்குக் கீழேயே நின்றது. அண்மைக் காலத்தில்தான் அரசின் கவனம் பயிற்சியின் பக்கம் முழுதாகச் சாய்ந்திருக்கிறது. இளைஞரின் திறன் வளர்க்கும் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து புதிய எந்திரங்களோடு மேம்படுத்தப்பட்டன. அங்கே பயிலும் மாணவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. வேலையற்ற பட்டதாரிக்கு 600, பயிலும் மாணவருக்கு 750. காத்திருப்பதைவிடக் கற்பதற்குக் கூடுதல் என்ற இந்த வேறுபாடு சிறியதாயினும் சரியான திசையில் இருக்கிறது. பழைய அலுவலகங்களும் மாறிவருகின்றன. போட்டித் தேர்வுக்கான தன்னார்வப் பயிலும் வட்டங்களும், வெள்ளிக்கிழமைகளில் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம்களும் அங்கே நடக்கின்றன.

ஆனால் இளைஞர் மீது கூடிய பொறுப்பு முதலாளி மீது கூடவில்லை. முதலில் வரிசையில் நில் என்றோம். பிறகு தேர்வு எழுது என்றோம். இப்போது திறனை வளர்த்துக்கொள் என்கிறோம். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் அடக்கி 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலைவாய்ப்பகத்துக்குப் புதுப் பெயர் தந்திருக்கிறது. அங்கு பதிந்தவரை வேலைக்கு எடுக்கும் கட்டாயம் எந்த முதலாளிக்கும் இல்லை என்ற விதி மட்டும் அப்படியே தொடர்கிறது.