காவியும் மஞ்சளும்

காவி என்பது முதலில் நிறத்தின் பெயரன்று, மண்ணின் பெயர். காவிக்கல்லில் தோய்த்த ஆடையுடுத்து முக்கோல் தாங்கிய துறவியை முல்லைப்பாட்டே காட்டுகிறது. வெயிலில் வெளுக்காத அந்நிறம் மனை துறந்தார்க்கு உரியது.

கோலா பிலா வட்டார ரப்பர்த் தோட்டங்களின் பால்வெட்டுத் தொழிலாளரோ மனை துறந்தவரல்லர். தைப்பூச நோன்புக்கு அவர்கள் ஏற்றது மஞ்சள். வெயில் பட்டால் விரைவில் வெளுக்கும் அவ்வாடை, விரதம் முடிந்ததும் களைவதற்கென்றே உடுத்தப்படுவது. கடைச்சாயத்தின் கிச்சிலி நிறம் இன்று இவ்விரண்டையும் குழப்பிவிட்டது. அதனால் இரண்டையும் காவி என்று எழுதுவது பொருந்தாது.

1908ஆம் ஆண்டு மர அரண்மனை எழுந்து நிறைந்த ஸ்ரீ மெனாந்தியும் அதே மாவட்டத்ததே. அங்கே மஞ்சள் அரசர்க்குரிய நிறம். மலாய் மரபு குடிகளுக்கு விலக்கிய அவ்வண்ணத்தைத் தோட்டத் தமிழர் முருகன் பெயரால் அணிந்து நடந்தனர்.