வெந்தயம் போட்ட பாட்டில்

போன ஆடியில் ஒரு நாள் சாயங்காலம், மருந்துக்கடையில் நல்ல கூட்டம். சர்க்கரைக்கு வாங்குகிற பெரியவர் சீட்டில்லாமல் வந்து, "அதே மாத்திரை ரெண்டு அட்டை குடும்மா" என்றார். கை தானாக இரண்டாம் தட்டுக்குப் போய் எடுத்துவிட்டது. பில்லில் பெயர் அடிக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக என் வாயில் புழங்குகிற பெயர் வரவேயில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்து 'மெட்ஃபார்மின்' என்று அடித்தேன். எனக்கு 48 வயது. தீட்டு மூன்று மாதம் வராமல் இருந்து, வந்து, மறுபடி காணாமல் போயிருந்த சமயம். இதற்கும் அதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை. அம்மாவைப் பிடித்த மறதி நோய் என்னையும் பிடித்துவிட்டது என்றே பயந்தேன்.

மருந்து விற்கிறவளுக்கு எதற்கும் பூர்வீகம் பார்க்கிற புத்தி. தீட்டுக்கும் மறதிக்கும் தொடர்பு இருக்குமோ என்று பிறகு தோன்றியபோது, இதற்கும் பார்த்தேன்.

தீட்டு நிற்பதைக் குறிக்கிற 'மெனோபாஸ்' என்ற சொல்லே 1821-இல் கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் கட்டியது. 1857-இல் லண்டனில் எட்வர்ட் டில்ட் இதற்கென்றே ஒரு தடிப் புத்தகம் போட்டார். 500 பெண்களைப் பற்றிக் குறித்து வைத்திருந்த மனிதர் அவர். தலை கனத்து, தூக்கம் அப்பி, எதையோ குடித்துவிட்டாற்போல் கிடக்கிற நிலைக்கு 'சூடோ நார்கோடிசம்' என்று பெயர் வைத்தார். பொய்ப் போதை என்று சொல்லலாம். பெயர் பொருத்தம்தான். ஆனால் அவர் கைவசம் இருந்த மருந்துகளில் அபினும் ஒன்று. பொய்ப் போதைக்கு நிஜப் போதை!

எனக்குப் பிடித்தவள் அடுத்து வருகிற லிடியா பிங்கம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் லின் என்ற ஊர். வீட்டு அடுப்பில் காய்ச்சிக்கொண்டிருந்த கஷாயத்தை 1875-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தாள். பாட்டில் ஒரு டாலர். வேர்கள் நாலைந்து, கூடவே நம் அஞ்சறைப்பெட்டியில் கிடக்கிற வெந்தயம். இவை கெடாமலிருக்க என்று சொல்லி ஏறக்குறைய 18 சதவீதம் சாராயம். குடித்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் கவலை மறந்திருக்கும், சந்தேகமில்லை. 'டாக்டரிடம் சொல்லக் கூசுவதை எனக்கு எழுதுங்கள்' என்பதுதான் வியாபாரத் தந்திரம். கடிதங்கள் குவிந்தன. 1883-இல் அவள் செத்தும் பதில் நிற்கவில்லை. 1905-இல் ஒரு பத்திரிகை அவளுடைய கல்லறைக்கல்லைப் படம்பிடித்துப் போட்ட பிறகுதான், இத்தனை வருஷமாகச் செத்தவளுக்கு எழுதிக்கொண்டிருந்தது பலருக்கும் தெரிந்தது. ஏமாற்றுதான். இருந்தாலும், எழுத ஒரு விலாசம் இருந்ததே என்று எனக்குத் தோன்றியது.

1942-இல் அமெரிக்கக் கடைகளுக்குப் பிரெமரின் வந்தது. சினைக்குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன். அந்தப் பெயரே 'சினைக்குதிரை மூத்திரம்' என்பதன் ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டியதுதான். எத்தனையோ டப்பா எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இது தெரியாமல். 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மருத்துவர், தீட்டு நிற்பது ஒரு குறைபாட்டு நோய், ஆயுசுக்கும் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும் என்று புத்தகம் எழுதி ஊரைக் கலக்கினார். 1975-இல் கருப்பைப் புற்று பயம் வந்து விற்பனை சரிந்தது. பிறகு, இதே மருந்து ஞாபகசக்தியைக் காக்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 2003-இல் அதுவும் உடைந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4,532 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், இந்த ஈஸ்ட்ரோஜன் கலந்த கூட்டு ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் மற்றவர்களைவிட இரண்டு பங்கு. எல்லாரும் மிரண்டார்கள். ஆனால் 48-இல் பெயர் மறக்கிறவளைப் பற்றி அந்தக் கணக்கு எதையும் சொல்லவில்லை.

அதைச் சொன்னது 2009-இல் வந்த ஆய்வு. கெயில் கிரீன்டேல் குழு, 2,362 பெண்கள், நான்கு வருஷம். ஒரு குட்டிக் கதையைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வது மாதிரிச் சோதனைகள். திரும்பத் திரும்பச் செய்தால் யாருக்கும் மதிப்பெண் ஏற வேண்டும். ஏறியது. தீட்டு தாறுமாறாக வருகிற அந்த இடைக்காலத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் சரியாக ஏறவில்லை. தீட்டு முழுக்க நின்ற பிறகோ பழையபடி ஏறத் தொடங்கியது. அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். மறந்துவிடுமோ என்று இல்லை.

போன வாரம் எதிர்ச்சாரிப் பூக்கடைக்காரி வந்தாள்.

"அக்கா, ஞாபகத்துக்கு டானிக் எதுனா இருக்கா? நேத்துக் கொழம்புக்கு ரெண்டு வாட்டி உப்பு போட்டுட்டேன். அந்த மனுசன் ஒரே சத்தம்."

"தலைக்கு ஊத்திக்கிறது மாசாமாசம் சரியா இருக்கா?"

சுற்றும் முற்றும் பார்த்தாள். குரல் இறங்கியது. "ஆறு மாசமா தாறுமாறுதான். அதுக்கும் இதுக்கும் என்னக்கா?"

கம்பெனிக்காரர் அடுக்கிவிட்டுப் போன வல்லாரை டானிக் வரிசையாக அவள் கண்ணுக்கு நேரே நின்றது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.